சமாளிப்பாரும் கொதிக்கும் என்ஜினும்

மனிதர்களில் ஒரு வகை உண்டு. எது கெட்டுப்போனாலும் அதைச் சரிசெய்யவும் மாட்டார்கள், மாற்றவும் மாட்டார்கள், அதோடு பழகிவிடுவார்கள். இவர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் சமாளிப்பார். பள்ளிக்கூடத்து இலக்கணப்படி அது ஒரு வினைமுற்று. ஆனால் இவர்களைப் பொறுத்தவரை அதுதான் பெயர், அதுதான் தொழில், அதுதான் மதம்.

இவர்களைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். "உட்காருங்க" என்று சொல்ல மாட்டார்கள், எந்த நாற்காலியில் உட்காரக் கூடாது என்று சொல்வார்கள். குளியலறைக் கதவைத் தோளால் லேசாகத் தூக்கி, முழங்காலால் ஒரு தட்டுத் தட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ள வேண்டும். குழாயை இடது பக்கம் முழுதாகத் திருப்பிவிட்டு வலது பக்கம் கால்வாசி திருப்ப வேண்டும். மின்விசிறிக்கு ஒரு குச்சி, அந்தக் குச்சிக்கு ஓர் ஆணி, அந்த ஆணி விழாமலிருக்க ஒரு காகித மடிப்பு. ஒரு வேளை சாப்பாட்டுக்குப் போனால் அரை நாள் பயிற்சி எடுத்துக்கொண்டுதான் திரும்ப முடியும்.

கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். அது வேறு இனம். சமாளிப்பார் தாராளமானவர். அவருக்குப் பயமெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: முடிவு. முடிவெடுத்தால் தப்பாகிவிடலாம். எடுக்காவிட்டால்? தப்பே இல்லையே!

எனக்கு இவ்வளவு தெரிந்ததற்குக் காரணம், இந்த இனத்தின் தலைசிறந்த பிரதிநிதி ஒருவரோடு ஆறு வருஷமாக ஒரே காரில் ஆபீஸ் போய்க்கொண்டிருக்கிறேன். கார் அவருடையது. முன் சீட்டு என்னுடையது. அவர் எங்கள் ஆபீஸில் வரைபடப் பிரிவில் மூத்தவர். சதுரத்தைச் சதுரமாகப் போடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அந்தக் கார் ஓடியிருந்த தூரம் மூன்று லட்சத்து எண்பத்தேழாயிரம் கிலோமீட்டர். வண்டியில் எதுவும் ஒழுங்காக வேலை செய்யாத காலத்திலும், எவ்வளவு ஓடியிருக்கிறது என்று காட்டும் அந்த மீட்டர் மட்டும் ஒழுங்காக வேலை செய்தது. வேண்டாத உறவு மாதிரி வயசை மறக்காமல் சொல்லிக்கொண்டே இருக்கும்.

ஒரு நாள் காலை, ஆபீஸுக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது, சூட்டைக் காட்டும் முள் நடுவிலிருந்து கிளம்பி மெல்ல மேலே போயிற்று. சிவப்பைத் தொட்டது. பானட்டிலிருந்து ஆவி வந்தது. ஓரமாக நிறுத்தி, ஈரத்துணியைப் போட்டு மூடியைத் திறந்து, என் குடிதண்ணீரையும் அவர் குடிதண்ணீரையும் ஊற்றி, ஒருவழியாக ஆபீஸ் போய்ச் சேர்ந்தோம். மாலையில் அதே கோலத்தில் மெக்கானிக்கிடம் போனோம்.

மெக்கானிக் அதிகம் பேசாத மனிதர். எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றி உள்பக்கத்தைக் காட்டினார். பால் அதிகமான காப்பி போல ஏதோ வழவழவென்று ஒட்டியிருந்தது.

"தண்ணி எண்ணெய்ல கலக்குது. என்ஜின் தலைக்கு அடியில தண்ணியை அடைக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருக்கு. எத்தனை ஓடியிருக்கு?"

சமாளிப்பார் சொன்னார். மெக்கானிக் வண்டியைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தார்.

"ரெண்டு வழிதான் சார். ஒண்ணு, என்ஜினை இறக்கிப் பிரிச்சு வேலை பாக்கணும். இல்லேன்னா இதைத் தூக்கிட்டு வேற என்ஜின் வைக்கணும்."

"பிரிச்சா எத்தனை நாள் தாங்கும்?"

"ஒழுங்கா ஓட்டினா மூணு நாலு வருஷம்."

"மாத்தினா?"

"வர்ற என்ஜினைப் பொறுத்தது."

"மாத்தினது சரியில்லேன்னா?"

"அதைப் பிரிக்கணும்."

"பிரிச்சது சரியில்லேன்னா?"

"அதை மாத்தணும்."

சமாளிப்பாரின் முகம் மலர்ந்தது. "அப்ப ரெண்டும் ஒண்ணுதான்!"

"ஒண்ணு இல்ல சார். ரெண்டு."

"சரி, இப்போதைக்குத் தண்ணி ஊத்தி ஓட்டினா?"

மெக்கானிக் வெகுநேரம் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஓடும். எதுவரைக்கும்னு மட்டும் கேக்காதீங்க" என்றார்.

இரண்டு வாக்கியம். நம் ஆளுக்கு முதல் வாக்கியம் மட்டும் காதில் விழுந்தது.

அன்றைக்குத் தொடங்கிய ராஜ்ஜியம் ஆறு மாதம் நடந்தது. டிக்கியில் எட்டுத் தண்ணீர் பாட்டில்கள் குடியேறின. ஹீட்டரை முழுதாகத் திருப்பிவிட்டால் என்ஜினின் சூட்டில் கொஞ்சம் உள்ளே வந்துவிடும் என்று யாரோ சொல்லப்போக, உச்சி வெயிலில் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஹீட்டர் போட்டுக்கொண்டு, வெந்த கிழங்கு மாதிரி ஆபீஸுக்குப் போன இரண்டு பேர் இந்த உலகத்திலேயே நாங்கள்தான். ஏற்றம் இருக்கும் தெருக்கள் விலக்கப்பட்டன. சிக்னல் இருக்கும் சாலைகள் விலக்கப்பட்டன. பதினான்கு கிலோமீட்டர் வழி இருபத்தொன்றாக வளர்ந்தது. ஒரு மேம்பாலத்தை மட்டும் தவிர்க்க முடியாது. அங்கே நான் இறங்கிக்கொள்வேன், அவர் காலி வண்டியாக ஏறிப்போவார், நான் நடந்து ஏறி, நடந்து இறங்கி, அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துகொள்வேன்.

ஏன் நான் பஸ்ஸில் போகவில்லை என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. அப்புறம் கேளுங்கள்.

வழியில் பேச்சு குறைந்துபோயிற்று. அவர் கண் சாலையில் பாதி, முள்ளில் பாதி. "ஏறுது... ஏறுது... இருங்க, நிக்குது. பாத்தீங்களா சார், நின்னுடுச்சு!" என்பார். பரீட்சையில் பையன் பாஸ் பண்ணிய தகப்பனுக்குக்கூட அவ்வளவு சந்தோஷம் வராது. எட்டாவது கிலோமீட்டரில் ஒரு நாற்றுத் தோட்டம். அதை நடத்தும் அம்மா தண்ணீர்க் குழாயைத் தாராளமாகக் கொடுப்பார். சும்மா வாங்குவதா என்று நம் ஆள் வாரத்துக்கொரு செடி வாங்குவார். அவர் வீட்டு பால்கனியில் நிற்க இடமில்லாமல் போயிற்று. செடிகள் அத்தனையும் தளதளவென்று வளர்ந்தன. என்ஜின் ஒன்றுதான் வாடியது.

முடிவு எடுக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. எடுத்தார். தினமும் எடுத்தார். காலையில் போகும்போது, "பிரிச்சுடலாம் சார். நம்ம என்ஜின், அதோட குணம் நமக்குத் தெரியும்" என்பார். மாலையில் திரும்பும்போது, "மாத்திடலாம் சார். பழசைப் பிரிக்கப் போனா ஒண்ணு தொட்டா ஒண்ணு போகும்" என்பார். இரண்டும் நியாயம். எதற்கும் ஒரு வாரம் யோசிக்கலாம் என்று நானும் தலையாட்டுவேன்.

இந்த நிலையில்தான் அவர் மனைவிக்கு ஒரு கடிதம் வந்தது. அந்த அம்மா ஓர் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்ப்பவர். அந்த ஆஸ்பத்திரிக் கிளைகளின் கூடங்களுக்கெல்லாம் தலைமைப் பொறுப்பு ஒன்று காலியாகியிருந்தது. நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த தலைமை ஆஸ்பத்திரியில், காலை பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு.

"நான் பஸ்லயே போயிடறேங்க" என்றார் அந்த அம்மா.

சமாளிப்பாருக்கு உண்மையிலேயே மனசு புண்பட்டுவிட்டது. "பத்தொன்பது வருஷத்துக்கு அப்புறம் ஒரு நல்லது நடக்கப்போகுது. அன்னிக்கு நீ பஸ்ல இடிபட்டுப் போகணுமா? நான் கொண்டு விடறேன்."

அந்த அம்மா ஒரு நிமிஷம் யோசித்தார். கணவர் முகத்தைப் பார்த்தார். "சரி" என்றார். ஆசையாகச் சொல்கிறவரிடம் எப்படி மறுப்பது? அங்கேயும் ஒரு சமாளிப்புதான்.

திட்டம் பிரமாதமாகத் தயாரானது. ஆறரைக்குக் கிளம்புவது. ஐந்து இடத்தில் நிறுத்துவது. பாட்டில் பதினாறு. தண்ணீர் ஊற்ற இன்னொரு கை வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். பின் சீட்டில் அந்த அம்மா, இஸ்திரி போட்ட உடையில், சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, வியர்வை காலரைத் தொடாமலிருக்கக் கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஹீட்டர் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது.

முதல் நிறுத்தம் பழுதில்லை. இரண்டாவதும் பழுதில்லை. "பாத்தியா?" என்று பின்னால் திரும்பிச் சிரித்தார். அதற்குப் பிறகு சாலை வேலை என்று பலகை வைத்து எல்லா வண்டிகளையும் ஆற்றுப் பாலத்தின் வழியாகத் திருப்பிவிட்டிருந்தார்கள். நீளமான பாலம். ஒரே வரிசை. வண்டிகள் நின்று நின்று நகர்ந்தன. நின்று நகரும் வண்டிதான் சீக்கிரம் சூடாகும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்கு மனப்பாடம்.

"ஏறுது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஏறுது சார்" என்றார். பாலத்தின் நட்டநடுவில் பானட் புகைவண்டியாயிற்று.

இறங்கினோம். பாட்டில் பாட்டிலாக ஊற்றினோம். மேலே ஊற்றிய வேகத்தில் கீழே கொட்டியது. பதினாறு பாட்டிலும் தீர்ந்தன. மணி எட்டு ஐம்பது. இன்னும் பதினெட்டுக் கிலோமீட்டர். பாலத்துக்குக் கீழே ஆறு நிறையத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதை எட்டிப் பார்த்ததில் வயிற்றெரிச்சல்தான் மிச்சம்.

அந்த அம்மா இறங்கி வந்து நின்றார். "என்னங்க."

"பத்தே நிமிஷம்மா. ஆறிடும்."

"மணி என்ன ஆச்சுன்னு பாத்தீங்களா?"

"எப்பவும் ஆறியிருக்கும்மா. இன்னிக்கும் ஆறிடும்."

"வண்டி ஆறிடும். எனக்குத்தான் ஆறாது."

கோபமாகச் சொல்லவில்லை. கழுத்துத் துண்டை அவிழ்த்து, மடித்து, சீட்டில் வைத்துவிட்டு, வரிசையில் ஊர்ந்து வந்துகொண்டிருந்த வண்டிகளைப் பார்த்துக் கையைக் காட்டினார். நின்றது ஒரு தண்ணீர் லாரி.

நம் ஆளின் கண்களில் விளக்கு எரிந்தது. ஓடினார். "அண்ணே, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

அதே சமயம் அந்த அம்மா மறுபக்கம் போய், "தலைமை ஆஸ்பத்திரி வழியாப் போவீங்களா? பத்து மணிக்கு எனக்குத் தேர்வு" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

லாரிக்காரர் இரண்டு பக்கமும் பார்த்தார். பின்னால் ஹாரன்கள் அலறின. "சார், குழாய் பின்னாடி இருக்கு. திறந்து, புடிச்சு, மூடி எடுக்கக் கால் மணி ஆகும். முன்னாடி வரிசை நகருது. அம்மாவைக் கொண்டு விடவா, உங்களுக்குத் தண்ணி புடிச்சுத் தரவா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சமாளிப்பார் என்ஜினைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். லாரியின் பின்பக்கக் குழாயைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடினார். மொத்தம் ஐந்து விநாடி இருக்கும்.

அந்த ஐந்து விநாடியையும் அந்த அம்மா பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு லாரியில் ஏறி, கதவைச் சாத்தி, "நீங்க கிளம்புங்க" என்று லாரிக்காரரிடம் சொன்னார். லாரி போயிற்று. போகும் வழியெல்லாம் பின்பக்கக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டே போயிற்று.

இழுவை வண்டி வர இரண்டு மணி நேரம் ஆனது. அதுவரை இருவரும் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தோம். வண்டி தானாக ஆறிப்போயிருந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நான் ஏன் சார் யோசிச்சேன்?" என்று கேட்டார்.

ஆறு வருஷத்தில் அவர் என்னிடம் அபிப்பிராயம் கேட்காமல், நிஜமாகவே ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை.

அவரைத் தனியாக விட மனசில்லாமல் மாலை வரை அவர் வீட்டிலேயே இருந்தேன். உட்காரக் கூடாத நாற்காலியில் அவரே போய் உட்கார்ந்தார், அது சாய்ந்தது, சாய்ந்தபடியே இருந்தார். ஆறு மணிக்கு அந்த அம்மா பஸ்ஸில் வந்து இறங்கினார். முகம் கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"போய்ச் சேந்துட்டியா நேரத்துக்கு?" என்றார் இவர், மெதுவாக.

"பத்து நிமிஷம் முன்னாடியே. லாரிக்காரர் தங்கமான மனுஷன்." கொஞ்சம் தண்ணீர் குடித்தார். "ஒரு கேள்வி கேட்டாங்க. 'பரிசோதனை மெஷின் ஒண்ணு பழசாயிடுச்சு, அடிக்கடி சூடாகுது. பழுது பாப்பீங்களா, புதுசு கேப்பீங்களா?'ன்னு."

சமாளிப்பார் நாற்காலியோடு நிமிர்ந்தார். "நீ என்ன சொன்ன?" அந்தக் குரலிலிருந்த ஆவலைக் கேட்டிருந்தால் உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். எங்கேயோ ஒருவர் விடையைக் கண்டுபிடித்துவிட்டார், இனி அதைப் பார்த்து எழுதிவிடலாம் என்கிற ஆவல்.

"பிரிச்சுப் பாக்கச் சொல்லுவேன், ரெண்டுல எதுன்னாலும் அன்னிக்கே சொல்லிடுவேன்னு சொன்னேன். மெஷின் எத்தனை நாள் வேணும்னாலும் காத்துக்கிட்டு நிக்கும். வெளியில பெஞ்சுல உக்காந்திருக்கிறவங்க நிக்க மாட்டாங்க."

சுவர்ப்பக்கமாக நகர்ந்து நழுவிவிடலாம் என்று நான் எழுந்தேன். அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"நீங்களும்தான் அண்ணா. ஆறு மாசமா மேம்பாலத்தை நடந்து ஏறி இறங்கறீங்களே. ஒரு நாளாவது அவர்கிட்ட 'போதும் சார்'னு சொன்னீங்களா?"

கேள்வி வந்துவிட்டது. ஏன் பஸ்ஸில் போகவில்லை என்று முன்பே கேட்டீர்கள் அல்லவா? செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் நாங்கள் இருவரும் மெக்கானிக்கிடம் போனோம். அவர் என்ஜினின் தலையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். முடி போல ஒரு விரிசல் ஓரத்திலிருந்து ஓரம் வரை ஓடியது.

"ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா ஒரு கேஸ்கெட்டோட போயிருக்கும் சார். இப்ப பிரிச்சுப் பாக்க இதுல ஒண்ணும் இல்ல. மாத்தறதுதான்."

"வேற வழியே இல்லையா?"

"இல்ல."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

நான் அவர் முகத்தில் வருத்தத்தைத் தேடினேன். அங்கே இருந்தது நிம்மதி. "அப்பாடா!" என்றார். இதுதான் இந்த இனத்தின் ரகசியம். இரண்டு வழி இருக்கும்வரை இவர்களுக்குத் தூக்கம் வராது. ஒன்று தானாகவே செத்துப்போகும்வரை பொறுமையாகக் காத்திருந்து, மிச்சமிருப்பதைக் கட்டிக்கொண்டு அழுவார்கள். இல்லை, சிரிப்பார்கள்.

ஆனால் மெக்கானிக் விடவில்லை. ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார். பட்டறை மூலையில் இரண்டு என்ஜின்கள் மரக்கட்டைமேல் உட்கார்ந்திருந்தன. "இது மோதல்ல போன வண்டியில இருந்து வந்தது, ஓட்டம் கம்மி. அது நானே பிரிச்சு வேலை பாத்து வச்சது, ஓட்டம் ஜாஸ்தி, ஆனா உள்ள இருக்கிறது ஒவ்வொண்ணும் எனக்குத் தெரியும். எது வேணும் சார்?"

பாவம், மனிதர் ஆடிப்போய்விட்டார். என்னைப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த டயர் விளம்பரத்தைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தேன். நெற்றி வியர்த்தது. கைபேசியை எடுத்தார், திரும்ப உள்ளே வைத்தார். கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தார்.

"அது. நீங்க வேலை பாத்தது."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க விட்டுடாதீங்க. மாட்டுங்க."

வெளியே வந்ததும் மனைவிக்குப் போன் போட்டார். "நானேதான் சொன்னேன்" என்று மூன்று தடவை சொன்னார். அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, காது வரை சிவந்துபோனார். தலைமைப் பொறுப்பு அந்த அம்மாவுக்கே கிடைத்த செய்தியும் அந்தப் போனில்தான் வந்தது. அவர் உடனே சந்தோஷப்பட்டார், கொஞ்சமும் யோசிக்காமல்.

அந்த என்ஜின் நன்றாகவே ஓடுகிறது. புது வாழ்வின் முதல் நாள் ஆபீஸுக்கு முப்பத்தைந்து நிமிஷம் முன்னாலேயே போய் நின்றோம். காவல்காரர் சந்தேகத்தோடு அடையாள அட்டை கேட்டார். முள் நடுவிலேயே நின்றது. "ஒண்ணுமே செய்ய மாட்டேங்குது சார் அது" என்று சமாளிப்பார் கொஞ்சம் துக்கத்தோடு சொன்னார். நாற்றுத் தோட்டத்து அம்மாவைப் பார்க்காமலிருக்க முடியவில்லை என்று, தேவையே இல்லாமல் வாரத்துக்கொரு நாள் நிறுத்துகிறார். அவர் மனைவி ஒரு மாதம் வரை அந்தக் காரில் ஏறவில்லை, ஆஸ்பத்திரி வேனில்தான் போனார். பிறகு ஒரு நாள் தானாக வந்து முன் சீட்டில் உட்கார்ந்தார். நான் பின்னால் போனேன். கொஞ்ச தூரம் போனதும் அந்த அம்மா, "என்னங்க, அந்த ஹீட்டரை நிறுத்திடலாமா?" என்றார். முப்பது நாளாக அது ஓடிக்கொண்டிருப்பதை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை.

குளியலறைக் கதவு? அதை இன்னும் தோளால்தான் தூக்குகிறார்கள். ஒரு மனிதர் வாழ்நாளில் எத்தனை முடிவுதான் எடுப்பார்?

இதையெல்லாம் படித்துவிட்டு, "நல்லவேளை, நம்ம வீட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது" என்று நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. சிரியுங்கள். ஒன்றே ஒன்றுதான் கேட்க வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போன வருஷம் பல் டாக்டர் அந்த இடது கடைவாய்ப் பல்லைப் பார்த்துவிட்டு, அடைக்கலாமா, எடுத்துவிடலாமா என்று கேட்டாரே, யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தீர்கள். அதற்கப்புறம் ஏன் எல்லாவற்றையும் வலது பக்கமாகவே மெல்லுகிறீர்கள்?